ஏப்பத்துக்குக் கொடுத்த கஷாயம்

எனக்குக் கண் போனது ஏழு வயதில், பெரியம்மை போட்டு. இரண்டாவது தடவை போனது நாற்பத்திரண்டாவது வயதில், என் புருஷனுக்கு மதுரையில் தொண்டை ஆபரேஷன் நடந்த அன்று.

இப்படி ஆரம்பித்ததும் ஒப்பாரி வைக்கப் போகிறேன் என்று நினைக்க வேண்டாம். எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் சீக்கிரம் வரும். என் அம்மா உயிரோடு இருந்தவரை அன்னக்கிளி என்ற பேரை எனக்கு எந்த நேரத்தில் வைத்தோமோ என்று தலையில் அடித்துக்கொள்வாள்.

என் புருஷன் பேர் கருத்தப்பாண்டி. சங்கரன்கோவிலில் பவர்லூம் ஷெட்டில் தறி ஓட்டுகிறவர். நான் வீட்டிலிருந்து அதே ஷெட்டுக்குத் தார் சுற்றிக் கொடுப்பேன். தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற குச்சியில் நூல் சுற்றுகிற வேலை அது. நூல் அறுந்தால் விரலுக்குத் தெரிந்துவிடும், கண் எதற்கு? அவர் சாயங்காலம் வீட்டுக்கு வந்து கால் கழுவுவதற்குள் பேச ஆரம்பித்துவிடுவார். தெற்கு ரத வீதியில் யார் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கிறார்கள், எதிர்வீட்டுப் பார்வதியம்மாள் இன்றைக்கு என்ன நிறத்தில் சேலை கட்டியிருக்கிறாள், மேற்கே மலையில் மழை இறங்குகிறதா இல்லையா, எல்லாம் சொல்லுவார். எனக்கு எதற்கு அவள் சேலை நிறம் என்று கேட்டால், "தெரிஞ்சு வச்சுக்கோட்டி. நாளைக்கே அவ புதுச்சேலைன்னு பீத்துனா, போன வருசத்து ஊதாதானன்னு கேக்கலாம்லா" என்பார். பதினெட்டு வருஷம் நான் இந்த ஊரைப் பார்த்தது அவர் தொண்டை வழியாகத்தான்.

அந்தத் தொண்டை எண்பதாம் வருஷம் ஐப்பசியில் கம்மியது. பீடியும் பஞ்சுத் தூசியும் சேர்ந்து கட்டியிருக்கும் என்று மிளகுப் பால் கொடுத்தேன், பனங்கற்கண்டு கொடுத்தேன், சித்தரத்தையை வாயில் அடக்கிக்கொள்ளச் சொன்னேன். தையில் குரல் முக்கால்வாசி காற்றாகிவிட்டது. மதுரை பெரியாஸ்பத்திரியில் குரல்வளையில் புற்று என்றார்கள். அதை மொத்தமாக எடுத்தால் ஆள் பிழைப்பார், பேச்சு போகும் என்று அவரிடம் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். அவர் என்னிடம் சொன்னது வேறு. "சின்ன ஆபரேசன்தான். ஒரு கட்டிய எடுக்காங்க, வந்துருவேன்." இதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

கூடப் போய்ப் பதினைந்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தது அப்துல் மஜீது. ஷெட்டில் அவருக்கு அடுத்த தறி. அவரை அண்ணாச்சி என்றும் என்னை மதினி என்றும் கூப்பிடுகிற பிள்ளை. மாசிக் கடைசியில் இரண்டு பேரும் வந்து இறங்கினார்கள். வாசலில் அவர் செருப்புச் சத்தம் கேட்டது. "வந்துட்டியளா" என்றேன். பதில் இல்லை. 'உஸ்' என்று ஒரு மூச்சு. அந்த மூச்சு மூக்கு இருக்க வேண்டிய உயரத்திலிருந்து வரவில்லை, அதற்குக் கீழே கழுத்திலிருந்து வந்தது. மஜீதுதான் விஷயத்தைச் சொன்னான். நான் அன்று முழுவதும் யாரோடும் பேசவில்லை. அவர் பேச முடியாமல் இருந்தார், நான் பேசப் பிடிக்காமல் இருந்தேன்.

இதில் இன்னொரு கூத்து உண்டு. பவர்லூம் ஷெட்டுக்குள் யார் பேசினாலும் யாருக்கும் கேட்காது. நாற்பது தறி ஒன்றாக ஓடும்போது பக்கத்தில் இடி விழுந்தாலும் தெரியாது. அதனால் அங்கே எல்லோரும் சத்தம் போடாமல் வாயை மட்டும் அசைத்துப் பேசுவார்கள், எதிராளி உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வான். அவர் அதில் கெட்டிக்காரர். ஆறு தறி தள்ளி நின்றுகொண்டு பார்த்த சினிமாவை முழுசாகச் சொல்லிவிடுவார் என்பான் மஜீது. ஒரு மாதம் கழித்து வேலைக்குப் போனபோது, அவருக்குக் குரல் போனதே ஷெட்டில் பாதிப் பேருக்குத் தெரியவில்லை. எப்போதும் போல வாயை அசைத்தார், எப்போதும் போலச் சிரித்தார்கள்.

அந்தப் பழக்கத்தில் வீட்டுக்கு வந்து என்னிடமும் வாயை அசைப்பார். இருபது வருஷப் பழக்கம் எங்கே போகும்? எனக்கு உதடு ஒட்டிப் பிரிகிற சத்தம் கேட்கும், நாக்கு அண்ணத்தில் தட்டுவது கேட்கும், கழுத்தில் உஸ் உஸ் என்று காற்று போவது கேட்கும். "பேசுதியளா?" என்று கேட்பேன். அப்போதுதான் அவருக்கு நான் யார் என்பது ஞாபகம் வந்தது போல எல்லாம் நின்றுவிடும். விரலை அவர் உதட்டில் வைத்துப் பார்த்தேன். ஒரு நாள் முழுக்க முயன்று மூன்று வார்த்தை பிடித்தேன், அதில் இரண்டு தப்பு.

பிறகு கைதட்டு வைத்துக்கொண்டோம். ஒரு தட்டு என்றால் ஆமாம், அல்லது வா. இரண்டு தட்டு என்றால் வேண்டாம், நில். பத்து நாள் ஒழுங்காக நடந்தது. அதற்குள் தெருப் பிள்ளைகளுக்கு அந்தக் கணக்கு தெரிந்துவிட்டது. நான் தண்ணீர்க் குடத்தோடு வரும்போது எங்கிருந்தாவது இரண்டு தட்டு விழும். நான் நிற்பேன். சிரிப்பார்கள். கொஞ்ச நாளில் நான் எந்தத் தட்டுக்கும் நிற்பதை விட்டுவிட்டேன்.

பங்குனியில் ஏப்பம் ஆரம்பித்தது.

சாதாரண ஏப்பம் இல்லை. காலையில் பல் தேய்க்கும் முன்பே கொல்லைப்பக்கம் போய்விடுவார். அங்கிருந்து ஒன்று கேட்கும், நீளமாக. பிறகு இரண்டு குட்டை. சாயங்காலம் முக்குக்கடையில் கோலி சோடா குடித்துவிட்டு வந்து மறுபடியும். தொண்டையை வெட்டியதில் வயிற்றுக்குப் போகிற வழியும் கெட்டுப்போயிற்றோ என்று பயந்தேன். பார்வதியம்மாள் வேறு, "அண்ணனுக்குச் செமிக்கவே இல்ல போல. பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

உடனே அடுப்பை மூட்டினேன். சுக்கு, ஓமம், சீரகம், கொஞ்சம் பெருங்காயம் போட்டு நாலில் ஒன்றாக வற்றவைத்த கஷாயம். காலை, மதியம், சாயங்காலம் என்று மூன்று வேளை. முதல் தடவை நீட்டியபோது அவர் என் மணிக்கட்டைப் பிடித்துத் தள்ளினார். கசப்புக்குப் பயந்த சிறுபிள்ளை போல இருக்கிறதே என்று எனக்கு எரிச்சல். "குடிங்க. இல்லன்னா உச்சியில ஊத்திருவேன்" என்றேன். குடித்தார். வேறு என்ன செய்வார்? வேண்டாம் என்றால் ஏன் என்று சொல்ல வேண்டும். சொல்ல அவருக்கு வாய் இல்லை, காட்டினால் பார்க்க எனக்குக் கண் இல்லை. இரண்டு வாரத்தில் ஏப்பம் நின்றுவிட்டது. என் கைப்பக்குவத்தைத் தெரு முழுக்கச் சொல்லிப் பெருமையடித்துக்கொண்டேன்.

வைகாசி மாதம் ஒரு மத்தியானம் சோறு வடிக்கப் பானையைச் சரித்துக்கொண்டிருந்தேன். அன்று ஷெட்டுக்குக் கரண்ட் இல்லை, அவர் வீட்டில் இருந்தார், கொல்லைக் கோடியில். இரண்டு தட்டு கேட்டது. பிள்ளைகள் என்று நினைத்தேன். மறுபடியும் இரண்டு, வேகமாக. "போங்கலே அங்கிட்டு" என்று சொல்லிக்கொண்டே இன்னும் சரித்தேன். மூடி நழுவியிருக்கிறது. கஞ்சி முழுவதும் என் இடது காலில் கொட்டியது. நான் அலறியது தெருவுக்கே கேட்டது. என்னைத் தூக்கிக்கொண்டு போய்த் தண்ணீர்த் தொட்டியில் காலை முக்கியவர் அவர்தான்.

செய்தி கேட்டு மூன்றாம் நாள் இளையரசனேந்தலிலிருந்து என் அண்ணன் மூக்காண்டி வந்தான். மானாவாரி நிலமும் நாற்பது ஆடும் வைத்திருக்கிறவன். நாலு வார்த்தைக்கு மேல் பேசத் தெரியாது, ஆனால் என் பேரில் உயிர். காலைச் சுற்றியிருந்த துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஆரம்பித்தான்.

"கண்ணு தெரியாதவளும் வாய் பேசாதவரும் ஒரு வீட்டுல எப்படிட்டி இருப்பிய? இன்னைக்குக் கஞ்சி. நாளைக்குக் கூரையில தீப்பிடிச்சா?"

"பிடிக்கும்போது பாத்துக்கிடுதேன்."

"நீ எங்க பாக்கப்போற? ஆடித்தபசுக்கு வாரேன். வந்து உன்னையக் கூட்டிட்டுப் போறேன். மாப்ள ஆம்பள. ஓட்டல்ல சாப்பிட்டுக்கிடுவாரு. வேணும்னா அவரும் வரட்டும். தறி இல்லாத ஊருல ஆடு மேய்க்கட்டும்."

அவன் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை, அதுதான் எனக்கு ஆத்திரம். தப்பாகப் பேசினால் சண்டை போடலாம். அவர் மூலையில் உட்கார்ந்திருந்தார். கழுத்து மூச்சு வேகமாகப் போய்வந்துகொண்டிருந்தது. போக எனக்கு இஷ்டம் இல்லை. பேசாவிட்டாலும் அந்த மூச்சு இருக்கிற வீடுதான் என் வீடு. ஆனால் அண்ணனை எதிர்த்துச் சொல்ல என்னிடம் ஒரு காரணமும் இல்லை.

அண்ணனைப் பஸ் ஏற்றிவிட்டு வந்த மஜீது வாசல்படியில் உட்கார்ந்தான். "மதினி, அண்ணாச்சிக்கு அஜீரணமே கிடையாது" என்றான்.

"பிறகு?"

"அது ஏப்பம் இல்ல. பேச்சு."

மூலையிலிருந்து இரண்டு தட்டு விழுந்தது. மஜீது விடவில்லை. "எத்தனை நாளைக்கு அண்ணாச்சி மறைப்பிய? மதினி, ஆஸ்பத்திரியில பேச்சு சொல்லிக்கொடுக்கிற டாக்டரம்மா ஒருத்தி இருக்கா. குரல்வளை இல்லாட்டியும் சோத்துக்குழாய்ல காத்த வாங்கி, அதத் திருப்பி விட்டுப் பேசலாம்னு சொன்னா. இவரு கத்துக்கிடுதேன்னு ஒத்தக்கால்ல நின்னாரு. ஆனா நல்லாப் பேச வந்தப்புறம்தான் உங்கட்ட சொல்லணும், வராமப் போயிட்டா நீங்க ரெண்டாவது தடவ ஏமாறுவியன்னு என்ட்ட சத்தியம் வாங்கிட்டாரு. நீங்க கஷாயம் கொடுக்க ஆரம்பிச்சதும் வீட்டுல செய்யப் பயந்து ஷெட்டுல வச்சுச் செய்தாரு."

"ஷெட்டுலயா?"

"ஆமா. தறி ஓடும்போது."

நாற்பது தறி ஓடுகிற இடத்தில் தன் சத்தம் தனக்கே கேட்காமல் இரண்டு மாதம் ஒரு மனுஷன் பேசப் பழகியிருக்கிறார். அங்கே அவரைத் துரத்தியது என் கஷாயம். எனக்கு வந்த கோபத்தை யார்மேல் காட்டுவது என்று தெரியவில்லை. கையில் கிடைத்த தார்க்கூடையைத் தூக்கி மூலையைப் பார்த்து எறிந்தேன். அவர்மேல்தான் விழுந்தது. "மதுரைக்கு எப்பப் போறோம்?" என்று கேட்டேன்.

அந்த டாக்டரம்மா சின்ன வயதுக்காரி என்பது குரலில் தெரிந்தது. கஷாய விஷயத்தை மஜீது சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. அதற்காகவே எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. "உங்களுக்கு எப்படி விளக்குறது" என்று யோசித்துவிட்டு, மேஜைமேல் எதையோ கொண்டுவந்து வைத்து என் கையை எடுத்து அதன்மேல் வைத்தாள். மாவுக்கல்லில் செய்த மனுஷத் தலையும் கழுத்தும், நடுவில் இரண்டாகப் பிளந்தது.

என் விரல் மூக்குக்குள் போனது, பல்லைத் தொட்டது, நாக்கின் மேல் ஏறிப் பின்பக்கம் இறங்கியது. "இதுதான் தொண்டை. இது வரைக்கும் சோத்துக்கும் மூச்சுக்கும் ஒரே வழி" என்றாள். அதற்குக் கீழே வழி இரண்டாகப் பிரிந்தது. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. முன்னால் இருந்த குழாயில் வளையம் வளையமாக விரலில் தட்டியது. "அது மூச்சுக்குழாய். எப்பவும் திறந்தே இருக்கணும், அதான் வளையம். அதோட தலையில இருக்கிற பெட்டிதான் குரல்வளை. அதுக்கு மேல சின்ன இலை மாதிரி தட்டுப்படுதா? அது மூடி. நாம முழுங்கும்போது அந்தப் பெட்டி மேல ஏறும், மூடி சாஞ்சுக்கும், சோறு தப்பு வழியில போகாது." பின்னால் இருந்த குழாயில் வளையம் எதுவும் இல்லை. "அது உணவுக்குழாய். சதை மட்டும்தான். சோறு இல்லாதப்ப ஈரத்துணி மாதிரி ஒட்டிக் கிடக்கும். சோறு அதுல விழுறதில்லை, அது பிசைஞ்சு பிசைஞ்சு கீழ அனுப்பும். நீங்க தலைகீழா நின்னு சாப்பிட்டாலும் வயித்துக்குத்தான் போகும்."

பிறகு முன் குழாயின் பெட்டியைக் கழற்றி எடுத்துவிட்டாள். அந்த இடம் வெறும் பள்ளமாக இருந்தது. "இவருக்கு இதை எடுத்தாச்சு. மூச்சுக்குழாயோட வாயை வெளியில கொண்டுவந்து கழுத்துல தைச்சிருக்கு. இனிமே மூச்சுக்கும் வாய்க்கும் சம்பந்தம் இல்லை. வாய்க்குச் சொந்தமா மிஞ்சியிருக்கிறது பின் குழாய் ஒண்ணுதான். அதோட தலைவாசல்ல ஒரு சதை வளையம் எப்பவும் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டே இருக்கும். காத்தை உள்ள வாங்கி, வயித்துக்கு இறங்குறதுக்கு முன்னாடி திருப்பி விட்டா, அந்த வளையம் அதிர்ந்து சத்தம் வரும். அந்தச் சத்தத்தை நாக்கும் உதடும் பேச்சாக்கும். நாக்கும் உதடும்தான் இவர்கிட்ட நல்லா இருக்கே."

அவரைப் பேசச் சொன்னாள். உஸ் என்று கழுத்துதான் ஊதியது. அதற்கு அடியில் ஏதோ ஒன்று முனகியது. "கழுத்துக் காத்தை அடக்கணும். அது இவரோட பேச்சையே மூடுது. அவருக்கு அது தெரியலை. யாராவது பக்கத்துல உட்காந்து கேட்டுச் சொல்லணும்" என்றாள். அவள் சொல்லி முடிக்கும் முன்னே நான் சொல்லுகிறேன் என்றேன். காது என்று ஒன்று எனக்கு இருப்பது இதற்காகத்தான் என்று தோன்றியது.

"நீங்க அவர் கழுத்தைத் தொட்டுப் பாத்திருக்கீங்களா?" என்று கேட்டாள். இல்லை. அவர் எப்போதும் ஒரு துணி கட்டி மறைத்துக்கொள்வார், நான் கையைக் கொண்டுபோனால் விலகிவிடுவார். அன்று விலகவில்லை. நாலணாக் காசு அளவுக்கு ஒரு துவாரம். ஓரம் தடித்திருந்தது. வெதுவெதுப்பாக, ஈரமாக மூச்சு என் விரலில் பட்டது. மூன்று மாதமாக ஒரே வீட்டில் இருந்தும் அவர் எங்கே இருக்கிறார் என்று தேடிக்கொண்டே இருந்திருக்கிறேன். "இங்கனதான் இருக்கியளா" என்றேன். மஜீது வெளியே போய்விட்டான்.

ஊருக்கு வந்த மறுநாளே ஆரம்பித்தோம். ஆடித்தபசுத் திருவிழாவுக்கு ஐம்பது நாள் இருந்தது. வெறும் வயிற்றில் காலை ஒரு மணி நேரம், ஷெட்டிலிருந்து வந்ததும் ஒரு மணி நேரம். ராட்டையை நிறுத்திவிட்டு அவருக்கு எதிரே உட்காருவேன். ஒரு கையை அவர் கழுத்துக்கு நேராக வைத்துக்கொள்வேன், காற்று விரலில் அடித்தால் தொடையில் ஒரு அடி. காற்றை முழுங்கக் கூடாது, நாக்கை அண்ணத்தில் அழுத்திப் பின்னால் தள்ள வேண்டும், தள்ளிய உடனே திருப்ப வேண்டும். க, ப, த என்று ஆரம்பிக்கிற வார்த்தைகள் தாமே காற்றைத் தள்ளிக் கொடுக்கும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தாள். அடுப்படியிலேயே நிறைய இருந்தன. பானை, தட்டு, கத்தி, காப்பி. ஆனால் நான் முதலில் கேட்டது வேறு. "எனக்கு 'பாத்து' வேணும். மத்ததெல்லாம் பிறகு" என்றேன்.

பதினோரு நாள் 'பா' என்று ஒன்றுகூட வரவில்லை. வந்தது வெறும் ஏப்பம். சோடாக் குடித்தால் வரும், சோடா தீர்ந்தால் போய்விடும். வயிறு ஊதிக்கொண்டு படுக்க முடியாமல் கிடந்தார். ஒரு நாள் கோபத்தில் எழுந்து போய்விட்டார். அரைமணி நேரம் கழித்து வந்து எதிரே உட்கார்ந்து, என் கையை எடுத்துத் தன் கழுத்துக்கு நேராக வைத்துக்கொண்டார். பிடிவாதத்தில் நான் பெரியவள் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். அது அன்றோடு போயிற்று.

பன்னிரண்டாம் நாள் காலை விரலில் காற்றே இல்லை. 'ளக்' என்று உள்ளே ஒரு சின்னச் சத்தம். "பாத்து."

எனக்குச் சந்தோஷம் வரவில்லை. உண்மையைச் சொல்லுகிறேன், அழுகைதான் வந்தது. பானையைத் தரையில் இழுத்தது போல ஒரு குரல். அது அவர் குரல் இல்லை. பழைய குரல்தான் திரும்பி வரப்போகிறது என்று பைத்தியக்காரத்தனமாக எதிர்பார்த்திருக்கிறேன் போல. வீட்டுக்குள் வேறு யாரோ ஒரு கிழவன் வந்து உட்கார்ந்துகொண்டது மாதிரி இருந்தது. அவருக்கு அது புரிந்திருக்க வேண்டும். அன்று சாயங்காலம் அவர் வாயைத் திறக்கவில்லை. நான்தான், "அந்தக் கிழவர வரச் சொல்லுங்க, நேரமாகுது" என்றேன். தரை அதிரக் காலைத் தட்டினார். அவருக்கு இப்போது சிரிப்பு வந்தால் அப்படித்தான்.

ஆடி பிறக்கும்போது முப்பது வார்த்தை கைவசம் இருந்தது. இரண்டு வார்த்தை சேர்த்தால் நடுவில் ஒரு தடவை காற்று வாங்க வேண்டும். என் பேரில் முதல் பாதி வராது, "கிளி" என்று மட்டும் வரும். பதினெட்டு வருஷமாகக் கூப்பிட்ட 'ஏட்டி'யும் வராது. ஆனால் 'காப்பி' என்று சொல்லும்போது கடைசியில் ஒரு இழுப்பு இழுப்பார் பாருங்கள், அது பழையதேதான். அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக அந்தக் கிழவனோடு பழகினேன். ஒரு காலை, கொல்லைப்படியில் நான் கால் வைக்கும் முன் "பாத்து, தேளு" என்று கேட்டது. நின்றுவிட்டேன். அவர் அடிக்கிற சத்தம் கேட்டது. எனக்கு அன்று முழுவதும் கால் தரையில் பாவவில்லை.

தபசு அன்று ஊரே திமிலோகப்பட்டது. மைக் செட் நாலு திசையிலும் அலறியது. பதினோரு மணிக்கு அண்ணன் வந்தான். தண்ணீர் மட்டும் குடித்தான்.

"மாப்ள, சொகமா இருக்கியளா?"

அவர் காற்று வாங்குவது எனக்குக் கேட்டது. வரவில்லை. மறுபடியும் வாங்கினார். கழுத்து ஊதியது. பயந்தால் அந்தச் சதை வளையம் இன்னும் இறுகிக்கொள்ளும் என்று டாக்டரம்மா சொன்னது எனக்குத் தெரியும், அண்ணனுக்குத் தெரியாதே. மூன்றாவது தடவையும் உஸ் என்றுதான் வந்தது.

"வேண்டாம் மாப்ள, சங்கடப்படாதிய" என்றான் அண்ணன், உண்மையான வருத்தத்தோடு. "துணிப்பெட்டிய எங்க வச்சிருக்கட்டி?" என்று கேட்டுக்கொண்டே அதைப் பரணிலிருந்து இறக்கினான்.

"அவரு பேசுவாரு. இப்ப வரல."

"தீப்பிடிக்கும்போதும் வரலன்னா?"

"நான் வரமாட்டேன்."

"நீ சொல்லாத. அவரு சொல்லட்டும். மாப்ள, நீங்களே சொல்லுங்க. போறதா, இருக்கதா?"

மைக் செட்டில் பாட்டு முடிந்து அடுத்த பாட்டு ஆரம்பிக்கும் முன் கொஞ்சம் அமைதி வந்தது. 'ளக்' என்று ஒரு சத்தம் கேட்டது.

"போ."

எனக்குக் காது அடைத்துவிட்டது. வெறும் வயிற்றில் ஐம்பது நாள் உட்கார்ந்து, தொடையில் அடித்து அடித்து நான் வரவழைத்த குரல். அதை வைத்துக்கொண்டு என் அண்ணன் முன்னால் இந்த மனுஷன் சொன்ன முதல் வார்த்தை இது.

"போவா? என்னையா போகச் சொல்லுதிய?"

"போ. கொஞ்ச... காலம்."

"எதுக்குப் போகணும்? தேளச் சொல்லத் தெரிஞ்சுதுல்லா? தீயச் சொல்லத் தெரியாதா?"

"பக்கத்துல... இருந்த. கேட்டுது. தூரத்துல... கேக்காது." ஒவ்வொரு வார்த்தைக்கும் நின்று காற்று வாங்கினார். "கத்த... தொண்டை... பத்தாது."

"பத்தலன்னா நான் பக்கத்துலயே இருந்துக்கிடுதேன். கால் என் காலு. வெந்தது எனக்கு. நானே சும்மா இருக்கேன், உங்களுக்கு என்ன?"

"காலு... உனக்கு." நீண்ட நேரம் காற்று வாங்கினார். "பாத்தது... நான்."

இது எனக்கு இதுவரை தோன்றவே இல்லை. கஞ்சி கொட்டியதை நான் பார்க்கவில்லை. மூடி நழுவுவதையும் பானை சாய்வதையும் என் கால் அதற்கு நேரே இருப்பதையும் பார்த்துக்கொண்டு, வாயைத் திறந்து திறந்து மூடி, கையைத் தட்டித் தட்டி நின்றவர் அவர். அது புரிந்ததைக் காட்டிக்கொள்ளப் பிடிக்காமல் இன்னும் சத்தமாக ஆரம்பித்தேன்.

"பாத்தா? அதுக்காக என்னையக் கண்காணாத இடத்துக்கு அனுப்பிட்டு நீங்க நிம்மதியா..."

"ஏட்டி, சும்மா இரி." அண்ணன் குரல் கீழேயிருந்து வந்தது. பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டான் போலிருக்கிறது. "அவரு பேசிக்கிட்டு இருக்காருல்லா. முடிக்கட்டும். குறுக்க குறுக்கப் பேசினா மனுசன் எப்படிப் பேசுவாரு?"

நான் வாயை மூடிக்கொண்டேன். அவர் காற்று வாங்கினார். சொல்ல வேண்டியதை ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். முடிக்க வெகுநேரம் ஆயிற்று. அதற்குப் பிறகு என் முறை வந்தது, நானும் விடவில்லை. வெயில் சாய்ந்தபோது நாங்கள் இன்னும் பேசிக்கொண்டிருந்தோம். அண்ணன் பெட்டியைப் பழையபடி பரணில் தூக்கி வைத்துவிட்டு, தபசுக் காட்சி பார்க்கத் தனியாகப் போனான்.